கை போகாத இடம்

அந்தக் கார் கம்பெனியில் எல்லோரும் அவரைச் சாண் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். குள்ளம் என்பதால் வந்த பெயர் அல்ல. நல்ல உயரம் அவர். வயர் வெட்டும்போது வரைபடத்தில் போட்டிருக்கும் நீளத்துக்கு மேல் ஒரு சாண் விட்டுத்தான் வெட்டுவார். கையை விரித்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளந்து, அதற்கு அப்பால் கத்தரியை வைப்பார். மிச்சத்தை மடித்து உள்ளே செருகி, மேலே கறுப்பு டேப் சுற்றிவிடுவார். கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் தடித்திருக்கும்.

ஒரு காருக்குள் ஓடும் வயர்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் பொருத்த முடியாது. முதலில் ஆணி அடித்த ஒரு பெரிய பலகையில் எல்லா வயர்களையும் அந்தந்த வழியில் ஓடவிட்டு, முனைகளில் கனெக்டர் மாட்டி, சேர்த்துக் கட்ட வேண்டும். முடிந்ததும் எடுத்துப் பார்த்தால் வேரோடு பிடுங்கிய செடிபோல இருக்கும். அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் காருக்குள் பரப்புவார்கள். வயர்க் கட்டு என்று பெயர். சாண் அக்கா பழைய கார் ஆலையில் பதினேழு வருடம் அதைக் கட்டியவர்.

"எதுக்கு அக்கா இந்த ஒரு சாண்?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

"பத்து வருஷம் கழிச்சு எவனோ ஒரு மெக்கானிக் இடுக்குல கையை விட்டுத் துழாவுவான். வயர் அறுந்திருக்கும். இழுத்தா வரணும்ல, வெட்டி ஒட்டுறதுக்கு? வரலைன்னா யாரைத் திட்டுவான்? என்னைத்தான்."

"அவனுக்கு உங்க பேரே தெரியாதே."

"பேர் தெரியாம திட்டினா மட்டும் வலிக்காதா?"

இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் நம்பித்தான் சொன்னார். முகம் தெரியாத ஒருவனின் கைக்காகத் தன் கையை அளவுகோலாக வைத்துக்கொள்வது பெரிய விஷயம் என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டேன். நல்ல காரணத்துக்காக ஒன்றைச் செய்கிறவர்கள், அந்தக் காரணம் ஒன்றுதான் அங்கே வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அது ஒரு குருட்டுத்தனம்.

பழைய ஆலை மூடப்பட்ட கதையில் புதுமை ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக் கார்கள் கப்பலில் வந்து மலிவாக இறங்கின. இங்கே செய்த கார்கள் கிடங்கில் தூசி குடித்தன. முதலில் ஒரு ஷிப்ட் போனது, பிறகு கேன்டீன், பிறகு எல்லாமே. சாண் அக்காவின் கணவர் அதே ஆலையில் தகடு அழுத்தும் இயந்திரத்தில் இருந்தவர். அந்த இடியோசையில் காது பாதி போய்விட்டது. ஆலை போனபின் அவர் ஒரு சைக்கிள் நிறுத்தத்தில் சீட்டுக் கொடுக்க உட்கார்ந்தார். அக்கா ஒரு சலவைக் கூடத்தில் ஆறு வருடம் விடுதிப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடித்தார். ஆலைக் கூடத்தில் புறாக்கள் குடியேறின.

அந்தக் கூடத்தைத்தான் புதுக் கம்பெனி வாடகைக்கு எடுத்தது. கம்பெனியை ஆரம்பித்தவருக்கு வயது முப்பத்து மூன்று. பேசத் தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்துக்குள் லிட்டர் என்ற சொல் வந்துவிடும். அதனால் லிட்டர் சார் என்று பெயர் விழுந்தது. இருவர் உட்காரும் சின்னக் கார், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நாற்பது கிலோமீட்டர். உருண்டையாக இருந்ததால் தொழிலாளர்கள் அதை முட்டை என்றார்கள். லிட்டர் சார் முதல் நாள் புறா எச்சம் கழுவிய தரையில் நின்று, "நம்ம ஆளுங்க செஞ்ச கார்ல நம்ம ஆளுங்க போகணும்" என்றார். பழைய ஆலையிலிருந்து வந்தவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாண் அக்கா துடைத்துக்கொள்ளவில்லை. வயர்ப் பலகையை எந்த ஜன்னல் பக்கம் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ஒருத்தி அக்காவின் தங்கை. முப்பத்தாறு வயதிலும் வீட்டில் பாப்பா என்றே கூப்பிடப்பட்டவள். கணவர் இறந்து ஐந்து வருடம், இரண்டு பிள்ளைகள். அக்கா வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி மாடியில் குடியிருந்தாள். மருந்துக்கடை ஒன்றில் ஒன்பது வருடமாக நிலையான வேலை. அக்காதான் அதை விடச் சொன்னார்.

"நின்னு நின்னு உன் காலெல்லாம் நரம்பு சுருட்டிக்கிச்சு. இங்க உக்காந்து செய்யற வேலை. பக்கத்துலயே இருப்போம்."

"கம்பெனி நிக்குமாக்கா?"

"என்னை நம்பி வா."

இந்த மூன்று சொற்களைச் சொல்லும்போது மனிதர்கள் எதைக் கொடுக்கிறார்கள் என்பது சொல்லும் நேரத்தில் அவர்களுக்குத் தெரிவதில்லை.

பாப்பாவுக்கு இடது கைப் பழக்கம். அதனால் அவள் சுற்றும் டேப்பின் மடிப்பு மற்றவர்கள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடும். மேற்பார்வையாளர் ஒருவர் ஆரம்பத்தில் முகம் சுளித்தார். "டேப்பு எந்தப் பக்கம் சுத்துதுன்னு கரண்டுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டாள். அவர் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேலை கச்சிதம். சாணும் விட்டாள், அக்கா சொன்னபடி, எல்லா இடத்திலும், காரணம் கேட்காமல்.

புதுக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பகுதியின் வாசலிலும் ஒரு தராசு இருக்கும். பொருத்தப்போகும் எதுவும் நிறுக்கப்படாமல் வெளியே போகக்கூடாது. எடை குறைந்தால்தான் பெட்ரோல் செலவு குறையும். தராசுக்குப் பொறுப்பாளரான வழுக்கைத்தலை மனிதரைத் தராசு என்றே கூப்பிட்டார்கள்.

"தராசு, என் மனசையும் கொஞ்சம் நிறுத்துப் பாரேன்" என்பார் அக்கா, காலையில் உள்ளே வரும்போது.

"வேண்டாம்மா. அது பாரம். லிட்டர் சார் என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாரு."

இன்னொரு வழக்கம், பழைய ஆலையிலிருந்து வந்தது. கட்டி முடித்தவர் தன் எண் தைத்த சின்னத் துணிப்பட்டை ஒன்றைக் கட்டின் தலைப்பகுதியில் கட்டிவிட வேண்டும். சாண் அக்காவின் எண் ஒன்பது. பாப்பாவின் எண் ஐம்பத்தெட்டு.

இரண்டாம் வருடம் எல்லாம் ஒரே ஒரு நாளை நோக்கிச் சுருங்கியது. கடன் தரவிருந்த வங்கி ஒரு சோதனை வைத்தது. பத்து லிட்டர் பெட்ரோலில் நானூறு கிலோமீட்டர், சோதனைத் தடத்தில், எங்கும் நிற்காமல். ஓடிவிட்டால் கடன் கிடைக்கும். வருடத்துக்கு ஆறாயிரம் கார். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நிரந்தர வேலை. நின்றுவிட்டால் அடுத்த முறை தடம் கிடைக்க ஏழு மாதம். கம்பெனியின் கையிருப்பு ஆறு வாரத்துக்குத்தான் வரும். இது கேன்டீனில் தட்டுக் கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சோதனைக் காருக்கான வயர்க் கட்டை யார் கட்டுவது என்று வந்தபோது, பகுதிக்குத் தலைவியான அக்கா தங்கையைச் சொன்னார். பாப்பா தனியாக முழுதாகக் கட்டிய முதல் கட்டு அது. நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். கட்டி முடித்த அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம், "டிவியில அந்தக் காரைக் காட்டினா, உள்ள இருக்கறது அம்மா கட்டினது" என்று சொன்னதாக மறுநாள் அக்காவிடம் சொன்னாள். பெரியவன், "வெளியில இருக்கறது யார் கட்டினது?" என்று கேட்டானாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சனிக்கிழமை மாலை தராசு அக்காவைத் தனியே கூப்பிட்டார்.

"மொத்தக் காரு அறுநூறு கிராம் கூட இருக்கும்மா. ஒவ்வொரு பகுதியும் கொஞ்சம் குறைக்கணும்னு உத்தரவு. உங்க பங்கு நூத்தம்பது."

"நூத்தம்பது கிராம். ஒரு சோப்புக் கட்டி."

"அந்தச் சோப்புலதான் வழுக்கிடப் போறோம்னு லிட்டர் சார் சொல்றாரு. திங்கட்கிழமை காலையில கட்டு போயாகணும்."

பாப்பா அதற்குள் பஸ் ஏறிவிட்டிருந்தாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்து உட்கார்ந்து சேர்ந்தே செய்திருக்கலாம். ஆனால் முதல் கட்டே திரும்பி வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று அக்கா யோசித்தார். பிள்ளைகளிடம் வேறு சொல்லிவிட்டாளே. கட்டிய கட்டைப் பிரித்துக் குறைக்கவும் முடியாது. டேப்பை அவிழ்த்தால் வயரின் தோல் உரிந்துவிடும். புதிதாகத்தான் கட்ட வேண்டும். கடைசியில் ஞாயிறு காலை அவர் மட்டும் கூடத்துக்குப் போனார்.

விடுமுறை நாளின் கூடம் வெளிச்சமாக இருந்தது. கூரைக் கண்ணாடி வழியாக வெயில் நேராகப் பலகைமேல் விழுந்தது. அக்கா வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராக யோசித்தார். எங்கே சாண் விடுவது, எங்கே எடுப்பது? அவருக்கு அதில் குழப்பமே வரவில்லை. சாண் என்பது மெக்கானிக்கின் கைக்காக. கை போகும் இடத்தில் இருக்கட்டும்: கதவு, விளக்கு, மீட்டர்ப் பலகை. கை போகாத இடத்தில் எதற்கு? பெட்ரோல் தொட்டிக்குப் பின்னால், கார்க் கூரையைத் தாங்கும் தூணுக்குள்ளே, இன்ஜினுக்கு அடியில். அங்கே எவனும் கையை விட்டுத் துழாவப் போவதில்லை. நாற்பத்து மூன்று வயர்களில் சாணை எடுத்தார். வரைபடம் சொன்ன நீளத்தை ஒரு மயிரிழை கூடக் குறைக்கவில்லை. மாலை நாலு மணிக்குத் தராசில் வைத்தபோது நூற்றைம்பத்தெட்டு கிராம் குறைந்திருந்தது.

பிறகு இன்னொன்று செய்தார். பாப்பாவின் கட்டிலிருந்து ஐம்பத்தெட்டு என்ற துணிப்பட்டையைக் கழற்றித் தன் கட்டில் கட்டினார். தன் ஒன்பதைப் பாப்பாவின் கட்டில் கட்டி, ஏழாவது காருக்கான கொக்கியில் மாட்டினார். சோதனைக் காரில் தங்கையின் எண்தான் போகவேண்டும். பிள்ளைகளிடம் அவள் சொன்னது பொய்யாகக்கூடாது. அவ்வளவுதான் அவர் நினைத்தது. வீட்டுக்குப் போகும் வழியில் மனது இலேசாக இருந்ததாகப் பின்னாளில் சொன்னார். நல்லது செய்துவிட்ட இலேசு.

வியாழக்கிழமை சோதனை. யாரும் வேலை செய்யவில்லை. கேன்டீன் மேஜைமேல் தராசின் கைப்பேசி, ஒலியைக் கூட்டி வைத்தபடி. தடத்தில் இருந்த ஓட்டுநர் பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணைச் சொன்னார். நூறு. நூற்று ஐம்பது. இருநூறு வந்தபோது யாரோ தட்டைத் தட்டினார்கள்; மற்றவர்கள் அதட்டினார்கள். பாப்பா அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, உள்ள இருக்கறது நான் கட்டினது."

"தெரியும்டி. கையை விடு, வலிக்குது."

முந்நூற்றுப் பத்து சொன்னார். அடுத்தது முந்நூற்று இருபது வரவேண்டும். வரவில்லை. கைப்பேசியில் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஓட்டுநரின் குரல், யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல மெதுவாக: "வண்டி நின்னுடுச்சு."

மறுநாள் காலை எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்தார்கள். சோதனைக் காரிலிருந்து எடுத்த வயர்க் கட்டு பலகைமேல் கிடந்தது. சோதனைப் பிரிவின் இன்ஜினியர் ஓர் இளம்பெண். ஒரு வயரைத் தூக்கிக் காட்டி விளக்கினாள். குரலில் கோபம் இல்லை, தூக்கக் கலக்கம்தான் இருந்தது.

"இன்ஜின் ரப்பர்மேல உக்காந்திருக்கு. ஓடும்போது ஆடும், முன்னாடி பின்னாடி ஒரு விரல் அளவு. இது பெட்ரோல் பம்புக்குப் போற வயர். ஒரு முனை இன்ஜின்ல, இன்னொரு முனை பாடில. தளர்வே இல்லாம இழுத்துக் கட்டியிருக்கு. ஆடி ஆடி, முந்நூத்திப் பதினோராவது கிலோமீட்டர்ல கனெக்டரை விட்டு வந்துடுச்சு. இதுவரைக்கும் ஓட்டின வண்டி எதுலயும் இது நடக்கல. அதுல எல்லாம் தளர்வு இருந்திருக்கு. எப்படின்னு தெரியல. வரைபடத்துல தளர்வே காட்டல. அது எங்க தப்புதான்."

எப்படி என்று தெரிந்த ஒருவர் இரண்டாம் வரிசையில் நின்றிருந்தார். பதினேழு வருடமும் அதற்கு மேலும் அவர் விட்ட ஒரு சாண், அவர் நினைத்த வேலையைச் செய்ததா என்பது தெரியாது. அவர் நினைக்காத வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. யாரும் கேட்காமலே அது இருந்ததால் எவரும் அதை வரைபடத்தில் போடவில்லை. மனிதக் கை போகாத இடத்தில் இன்ஜினின் நடுக்கம் போய்வந்துகொண்டிருந்தது.

லிட்டர் சார் ஓரமாக நின்றார். அவருடைய கண் வீங்கியிருந்தது. உற்பத்தி மேலாளர்தான் துணிப்பட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஐம்பத்தெட்டு. யாரு?"

பாப்பா முன்னால் வந்தாள். பலகைக்குப் பக்கத்தில் நின்று கட்டைப் பார்த்தாள். இடது கையால் அதைத் தொட்டு, டேப்பின் மடிப்பை ஒரு விரலால் வருடினாள். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தில் அக்காவைத் தேடி, ஒருமுறை பார்த்தாள்.

அக்காவின் வாய் திறந்தது. இது நிச்சயம், பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஆனால் சத்தம் வரவில்லை.

"ஆமா சார். என் நம்பர்தான்" என்றாள் பாப்பா.

ஒரு நொடி தவறிய சொல்லை அடுத்த நொடியில் சொல்லலாம் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். அடுத்த நொடிக்குள் அதன் விலை ஏறிவிடுகிறது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "அக்கா சாண் விடுவாங்க, தங்கச்சி கம்பெனியையே கைவிட்டுட்டா" என்றான். சிலர் சிரித்தார்கள்; சிரிப்பில் அழுகை கலந்திருந்தது. இன்னொருத்தி, "மருந்துக்கடையில மாத்திரை எண்ணிட்டு இருந்தவளைக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்" என்றாள். இப்போது சொன்னால் அது ஒரு தவறை ஒப்புக்கொள்வது மட்டும் அல்ல. சொல்லாமல் நின்ற அந்த ஒரு நிமிடத்தையும் ஒப்புக்கொள்வது. அக்காவால் முதலாவதைச் செய்திருக்க முடியும். இரண்டாவதுதான் முடியவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னார். தாழ்ந்த குரலில் சொன்னார்.

"என்ன? சத்தமா சொல்லு."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன் அழற?"

கம்பெனி ஆறு வாரம்கூட நிற்கவில்லை. ஐந்தாவது வாரம் பூட்டினார்கள். முடித்து வைத்திருந்த பத்துக் கார்கள் ஏலத்துக்குப் போயின. அந்த வாரங்களில் பாப்பாவைப் பஸ்ஸில் எல்லோரும் ஒதுக்கினார்கள். காலியிடம் இருந்தும் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அக்கா மட்டும் உட்கார்ந்தார். இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மருந்துக்கடையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டிருந்தது. வேறு இடங்களில் கேட்டபோது, "நீங்கதானே அந்த வயர்" என்று ஆரம்பித்தார்கள். ஊர் சின்னதாகிவிட்டது அவளுக்கு. ஒன்பது மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு மருத்துவமனையில் மருந்துக் கிடங்கு வேலை கிடைத்தது. பிள்ளைகளோடு கிளம்பினாள்.

பஸ் நிலையத்தில் பெட்டிகளை ஏற்றியபின் அக்கா அவளைத் தூண் ஓரமாக இழுத்தார்.

"பாப்பா, அந்தக் கட்டு..."

"எந்தக் கட்டு?"

பாப்பா நேராகப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அப்படித்தான் அக்காவுக்கு நினைவு. ரொம்ப நேரம் காத்திருந்தாள் என்று. ஆனால் அக்கா, "சாப்பாட்டுக் கட்டு. மேல வச்சிருக்கேன். சாய்ஞ்சிடாம பாத்துக்க" என்றார்.

"சரிக்கா."

நாலு வருடம் போனது. சலவைக் கூடம் அக்காவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி பழுது பார்க்கும் ஒரு சின்னப் பட்டறையில் வயர் வேலைக்கு உட்கார்ந்தார். மெக்கானிக்கின் கை அவருடைய கையாகவே ஆகிவிட்டது. உள்ளே வரும் கார்கள் எல்லாம் வெளிநாட்டுக் கார்கள். அவற்றின் வயர்களில் ஒரு விரற்கடைகூட மிச்சம் இருக்காது. "எவன்டா கட்டினான் இதை" என்று அவர் முணுமுணுப்பதைப் பட்டறைக்காரர் கேட்டிருக்கிறார்.

தங்கையோடு பேச்சு நிற்கவில்லை. மாதம் ஒருமுறை பேசுவார்கள். பிள்ளைகளின் படிப்பு, மழை, கால் வலி. பேச்சுக்கு நடுவே ஓர் இடத்தை இருவரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல், பட்டறை வாசலில் ஒரு முட்டை வந்து நின்றது. நிறம் மங்கி, ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது. ஓட்டிவந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஏலத்தில் வாங்கியவரிடமிருந்து வாங்கினாராம்.

"நாலு நாளா திடீர் திடீர்னு நின்னு போகுதும்மா. மத்தபடி தங்கம். பெட்ரோல் போட்டதே மறந்து போயிடும், அவ்வளவு கொஞ்சமா குடிக்கும்."

அக்கா கதவின் கீழ்ச்சட்டத்தில் பொறித்திருந்த கார் எண்ணைப் பார்த்தார். ஏழு.

காரைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அடியில் போய் மல்லாந்து படுத்து விளக்கைப் பிடித்தார். இன்ஜினுக்கு அடியில், பெட்ரோல் பம்புக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. செம்பு ஒரு மயிரிழையில் தொங்கியது. கையை உள்ளே விட்டார். கை போனது. வண்டியைத் தூக்கிவிட்டால் கை போகாத இடம் என்று ஒன்று கிடையாது; பலகை முன்னால் உட்கார்ந்து பதினேழு வருடம் கட்டியவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. வயரைப் பின்னோக்கித் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரலுக்குத் தடிப்பு தட்டுப்பட்டது. விளக்கை அங்கே திருப்பினார். டேப்பின் மடிப்பு எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடியது. மேலே, தலைப்பகுதியில், அழுக்கேறிய துணிப்பட்டை: ஒன்பது.

டேப்பைக் கீறினார். மடித்து வைத்த ஒரு சாண் வயர், அன்று வெட்டியதுபோலப் பளபளப்பாக, உள்ளங்கையில் வந்து விழுந்தது.

இந்தக் கட்டுதான் அன்று போயிருக்க வேண்டியது. நூற்றைம்பது கிராம் கூடுதலாகப் போயிருந்தால் நானூறு கிலோமீட்டரில் பெட்ரோல் ஒரு மடக்கு கூடுதலாகச் செலவாகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் வண்டி நின்றிருக்காது. இதை அக்கா நாலு வருடமாக யோசித்ததுதான். யோசிப்பது வேறு, கையில் பிடித்திருப்பது வேறு.

வெளியே வந்து, எண்ணெய்க் கையோடு கைப்பேசியை எடுத்துக்கொண்டு பட்டறையின் பின்பக்கம் டயர் அடுக்கியிருந்த இடத்துக்குப் போனார்.

"என்னக்கா, இந்த நேரத்துல? மாமாவுக்கு ஏதாவது..."

"ஏழாம் நம்பர் வண்டி வந்திருக்கு."

மறுமுனையில், பின்னால் யாரோ மருந்துப் பெட்டிகளைத் தரையில் இழுக்கும் சத்தம்.

"பாப்பா, அன்னிக்கு நின்னது உன் கட்டு இல்ல. நான் கட்டினது. எடை கூடன்னு ஞாயித்துக்கிழமை போய்க் கட்டினேன். பட்டையை மாத்தினதும் நான்தான்."

"தெரியும்க்கா."

"எப்போ..."

"தொட்டவுடனே. என் டேப்பு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் நீ..."

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்." குரலில் வன்மம் இல்லை. கிடங்கில் இருப்பைச் சரிபார்த்துச் சொல்கிறவளின் குரல். "அன்னிக்குப் பாத்தேன். அப்புறம் பஸ்ல தினம் பாத்தேன். அப்புறம் பஸ் ஸ்டாண்ட்ல பாத்தேன். சாப்பாட்டுக் கட்டுன்னு சொன்னே பாரு, அதுக்கப்புறம் பாக்கறதை விட்டுட்டேன்."

"எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் பாப்பா. ஒருத்தர் விடாம."

"யார்கிட்டக்கா? கூடத்துல யாரு இருக்கா? புறாகிட்ட சொல்லுவியா?" சிரிக்க முயன்றாள், வரவில்லை. "எனக்கு ஒண்ணு மட்டும்தான் புரியல. எடை கூடன்னு என்கிட்ட சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் உக்காந்து குறைச்சிருப்போமே. நான் என்ன அழுதிருப்பேனா?"

அக்காவிடம் அதற்குப் பதில் இருந்தது. உன் பிள்ளைகளிடம் நீ சொன்னது பொய்யாகக்கூடாது என்றுதான். ஆனால் அந்தப் பதில் எவ்வளவு அன்பானதாக இருந்ததோ அவ்வளவுக்குச் சொல்ல முடியாததாக இருந்தது.

"லோடு வந்திருக்கு. வச்சிடறேன்" என்றாள் பாப்பா. வைப்பதற்கு முன், "ஓடுதா அந்த வண்டி?" என்று கேட்டாள்.

"ஓடுதுடி. தங்கமா ஓடுதுன்னு சொல்றாரு."

"ம்."

அவ்வளவுதான்.

அக்கா திரும்பவும் காருக்கு அடியில் போனார். எலி கடித்த பகுதியை வெட்டி எடுத்தார். மடித்து வைத்திருந்த மிச்சத்தில் நாலு விரற்கடை போதுமாக இருந்தது. முனையைச் சீவி, முறுக்கி, ஈயம் வைத்து ஒட்டினார். ஈயம் ஆறும்வரை ஊதிக்கொண்டு கிடந்தார். தபால்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"அந்த மிச்ச வயரு எதுக்கும்மா தொங்குது? வெட்டிடலாமே."

"வேண்டாம். இருக்கட்டும்." அவர் அதை மறுபடியும் மடித்து, டேப் சுற்ற ஆரம்பித்தார். இன்ஜின் ஆடுவதற்கு இடம் விட்டுச் சுற்றினார்.

"எவ்வளவு பக்குவமா கட்டியிருக்காங்க பாருங்க. அந்தக் கம்பெனியில யாரோ ஒரு பொம்பளை வயரைத் தப்பாக் கட்டித்தான் மூடினாங்களாமே? இதைக் கட்டினது வேற யாரோ போலருக்கு."

டேப் சுற்றிய கை நின்றது. பட்டறையில் பட்டறைக்காரரும் தபால்காரரும் தவிர வேறு யாரும் இல்லை. தெருவில் ஒரு தண்ணீர் வண்டி போய்க்கொண்டிருந்தது.

"அந்தப் பொம்பளை நான்தாங்க" என்றார் அக்கா, காருக்கு அடியிலிருந்து. இந்த முறை சத்தம் வந்தது. "இதைக் கட்டினது என் தங்கச்சி."

தபால்காரர் பொதுவாக, "அப்படியா, சரி சரி" என்றார். பிறகு, வண்டி சாயங்காலத்துக்குள் கிடைக்குமா என்று கேட்டார்.